மூச்சும் ஓசோனும்: வாசகர் கேள்விகள்

லெனேசியாவிலிருந்து, வயது 68: குளிர்காலம் முழுக்க மதியம் நடந்தேன், தொந்தரவே இல்லை. செப்டம்பரில் நெஞ்சு இறுகுகிறது. ஏன்?

ஹைவெல்டில், அதாவது ஜோகன்னஸ்பர்க்கைச் சுற்றிய தென்னாப்பிரிக்க மேட்டுநிலத்தில், ஓசோன் வாயு ஏறும் காலம் இது. அனல் மின் நிலையங்களும் வண்டிகளும் கக்கும் நைட்ரஜன் ஆக்சைடு, புல்வெளித் தீயின் புகை, மேகமில்லாத வெயில் எல்லாம் சேர்ந்து ஓசோன் உண்டாகிறது, மதியம் 12 முதல் 5 வரை உச்சம். காலை 9 மணிக்குள் நடந்துவிட்டு வாருங்கள். ஜூன், ஜூலையில் மட்டும் விடியற்காலை வேண்டாம். நிலக்கரிப் புகை தரையோடு நிற்கும். எந்த மாதமானாலும் மூச்சு மருந்துப் பம்பை (இன்ஹேலர்) நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சாட்ஸ்வொர்த்: என்-95 முகக்கவசம் ஓசோனைத் தடுக்குமா?

தடுக்காது. அது தூசிக்கு. ஓசோன் வாயு.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: ஓசோன் படலம் நம்மைக் காக்கிறது என்றுதானே படித்தோம்?

அது 20, 30 கிலோமீட்டர் உயரத்தில். அங்கே இருக்கும்வரை நல்லது.

ஊர் எழுதாத ஒருவர்: என் எஃப்.இ.வி.1 (வேகமாக ஊதும்போது முதல் நொடியில் வெளிவரும் காற்று) 1.9 லிட்டர். மோசமா?

வயது, உயரம், ஆணா பெண்ணா, புகைப்பழக்கம் எதையும் எழுதாமல் என்ன சொல்வது? குள்ளமான 75 வயது அம்மாவுக்கு 1.9 நல்ல அளவு. ஆறடி உயர 60 வயதுக்காரருக்குக் கவலைப்பட வேண்டிய அளவு. நல்ல நுரையீரலே ஆண்டுக்குச் சுமார் 30 மில்லி இழக்கும். ஸ்பைரோமெட்ரி (ஊதிப் பார்க்கும் நுரையீரல் சோதனை) தாளை முழுசாக அனுப்புங்கள்.

டோங்காட்: சிஓபிடி (நாள்பட்ட மூச்சடைப்பு நோய்) உள்ள அம்மாவின் கட்டில் பக்கத்தில் மகன் 'ஓசோன் சுத்திகரிப்பான்' வாங்கி வைத்தான். மழை பெய்த மாதிரி வாசனை. ஆனால் இரவில் இருமல் கூடிவிட்டது.

இப்போதே பிளக்கைப் பிடுங்குங்கள். கடிதத்தை அப்புறம் படிக்கலாம்.

இந்தப் பெட்டியைப் பற்றி எழுதி எழுதிக் கை வலிக்கிறது. அந்த வாசனைதான் ஓசோன். வெளியில் எதைக் கண்டு ஜன்னலைச் சாத்துகிறோமோ, அதையே காசு கொடுத்து வாங்கிப் படுக்கையறையில் விடுகிறோம். தண்ணீரில் அதிகம் கரையாததால் அது தொண்டையோடு நிற்காமல் சிறு மூச்சுக்குழல் வரை இறங்கி, அதன் சவ்வைப் புண்ணாக்கும். நுரையீரலுக்குக் கெடுதல் செய்யாத அளவில் ஓசோன் விட்டால் காற்று சுத்தமாகாது. சுத்தமாகும் அளவுக்கு விட்டால் நுரையீரல் தாங்காது. எலுமிச்சை வாசனைத் தரைத் திரவத்தோடு சேர்ந்தால் ஃபார்மால்டிஹைடும் உண்டாகும். சற்று நேரத்தில் மூக்கு பழகிவிடுவதால் வாசனை தெரியாது, வாயு மட்டும் இருந்துகொண்டே இருக்கும். கலிபோர்னியாவில் 2010 முதல் 0.05 பிபிஎம்முக்கு (காற்றில் பத்து லட்சத்தில் 0.05 பங்கு) மேல் ஓசோன் விடும் வீட்டுக் கருவிகளை விற்க முடியாது. இங்கே மருத்துவக் கருவி மாதிரி படம் போட்டு வயதானவர்களிடம் விற்கிறார்கள். மகன் அன்பாகத்தான் வாங்கியிருப்பார், திட்ட வேண்டாம். தூசியைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி மட்டும் உள்ள கருவியாக மாற்றச் சொல்லுங்கள். இருமல் 2 நாளில் குறையாவிட்டால் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

லாடியம், வயது 74: மதியம் விளையாடிவிட்டுப் பேரன் இருமுகிறான். எனக்கு ஒன்றுமே இல்லை. வயதானால் ஓசோன் தாக்காதா?

அப்படி நம்பித்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். சோதனைக்கூடத்தில் ஓசோனைச் சுவாசிக்க வைத்தால் இளைஞருக்குத்தான் எஃப்.இ.வி.1 அதிகம் இறங்குகிறது, இருமலும் அதிகம். முதியவருக்கு உணர்வு மந்தம். ஆனால் ஓசோன் ஏறிய நாட்களில் மூச்சுக் கோளாறோடு ஆஸ்பத்திரியில் சேர்வது முதியவர்கள்தான் அதிகம். நம் நாட்டு ஓசோன் வரம்பு 8 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றுக்கு 120 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 100 என்கிறது. உடம்பு சொல்லட்டும் என்று காத்திருக்காமல் அளவைப் பாருங்கள். 100 தாண்டினால் தோட்ட வேலையைக் காலைக்கு மாற்றுங்கள், மதியம் ஜன்னலைச் சாத்துங்கள். பம்பை நிறுத்தாதீர்கள்.