அப்ரூவர் பெயர் சொன்னால் போதுமா?

தேவகோட்டைப் பக்கமிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். 2025 மாசியில், பங்காளிகள் எல்லாரும் வெளியூரில் இருக்க, பூட்டிக் கிடந்த வளவு வீடு ஒன்றில் தேக்குக் கதவுகளும் எனாமல் பாத்திரங்களும் களவு போயிருக்கின்றன. பிடிபட்டவர்களில் ஒருவர் அப்ரூவராகி, அதாவது மன்னிப்புக்காக அரசுத் தரப்புச் சாட்சியாக மாறி, லோடு வண்டி ஓட்டியது இவருடைய தம்பிதான் என்கிறாராம். தம்பிக்குத் தண்டனை வந்துவிடுமா?

அம்மா, போலீஸில் கூட்டாளி கொடுத்த வாக்குமூலத்துக்காகப் பயப்படாதீர்கள், அதை வைத்துத் தம்பியைத் தண்டிக்க முடியாது. அப்ரூவர் கதை வேறு. கோர்ட்டில் மன்னிப்பு வாங்கிக்கொண்டு, சத்தியம் செய்து கூண்டில் சொல்கிறார், அது சாட்சியமாகவே எடுக்கப்படும்.

1872 சாட்சியச் சட்டத்தின் 133ஆம் பிரிவு, கூட்டாளி சாட்சியத்தை மட்டும் நம்பித் தண்டித்தாலும் அது சட்டவிரோதம் ஆகாது என்றது. அதே சட்டத்தின் 114ஆம் பிரிவு, வேறு ஆதாரம் துணை நிற்காவிட்டால் கூட்டாளியை நம்பத்தகாதவராக நீதிமன்றம் கொள்ளலாம் என்றது. இரண்டையும் சேர்த்துப் படித்துத்தான் நீதிபதிகள் துணைச் சான்று கேட்டு வந்தார்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதுச் சாட்சியச் சட்டத்தின் (பாரதிய சாக்ஷ்ய அதிநியம்) 138ஆம் பிரிவோ துணைச் சான்று உள்ள சாட்சியம் என்றே பேசுகிறது. தம்பி வழக்குக்கு இதுதான்.

சரி, எது துணைச் சான்று? வழக்குகள் ஜெயிப்பதும் தோற்பதும் இங்கேதான். எந்தப் பூட்டை அறுத்தார்கள், எந்த நிலையிலிருந்து கதவைக் கழற்றினார்கள், பாத்திரத்தை எந்தச் சாக்கில் கட்டினார்கள் என்று அப்ரூவர் புட்டுப்புட்டு வைப்பார், எல்லாம் மகஜரோடு, அதாவது சம்பவ இடத்தில் போலீஸ் எழுதிய குறிப்போடு, அப்படியே பொருந்தும், பொருந்தாமல் எப்படி, அவரே கூட இருந்தவர் ஆயிற்றே! அதனால் அவர் அங்கே இருந்தார் என்றுதான் ஆகிறது, உங்கள் தம்பி இருந்தார் என்று ஆகாது. தம்பியைக் களவோடு கட்டிப்போடும் தனி ஆதாரம் வேண்டும் என்பதை 1951இல் ராமேஷ்வர் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் விளக்கிவிட்டது. இன்னொரு கூட்டாளி ஆமாம் போடுவதை அப்படிப்பட்ட ஆதாரமாக எடுப்பதில்லை. அதற்கும் முன்னால், அப்ரூவர் பேச்சே நம்பும்படி இருக்க வேண்டும், இது 1957 சர்வன் சிங் தீர்ப்பு. ஆகவே அவர் முதன்முதலில் எப்போது தம்பி பெயரை எடுத்தார், மன்னிப்புக்கு முன்னாலா பின்னாலா என்று வாக்குமூல நகல்களைத் தேதி வாரியாக அடுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். குறுக்கு விசாரணைக்கு இதைவிட நல்ல பிடி கிடைக்காது.

அப்புறம் ஒன்று, தம்பி உண்மையிலேயே வாடகைக்கு ஓட்டிப் போயிருந்தால் வக்கீலிடம் மறைக்காதீர்கள். திருட்டுச் சாமான் என்று தெரியாமல் ஓட்டியவர் கூட்டாளி ஆகமாட்டார். "அந்தப் பக்கமே போகவில்லை" என்று சாதித்துவிட்டு, செல்போன் டவர் பதிவு அதே ஊரைக் காட்டினால், இல்லாத துணைச் சான்றை நாமே கொடுத்ததாகிவிடும். இப்படிக் கெட்டுப்போன வழக்குகளைப் பார்த்து மனசு வெந்திருக்கிறேன்.

உங்கள் உறவுக்காரர் யாரையும் அப்ரூவர் வீட்டுக்குச் சமாதானம் பேச அனுப்பாதீர்கள், ஜாமீன் ரத்தாகலாம். தம்பியின் வாடகை நோட்டு, டீசல் பில், அந்த வாரம் யார் எவ்வளவு பணம் போட்டார்கள் என்ற பேங்க் கணக்கு, இவற்றை எடுத்துக்கொண்டு நாளைக்கே வக்கீலைப் பாருங்கள்.