டென்னிஸ் பந்தில் நன்றாக அடிக்கிறேன், லெதர் பந்தில் டைமிங்கே வருவதில்லை. பேட்டிங்கை எப்படிச் சரிசெய்வது?

எந்த ஊர் என்று நீங்கள் போடவில்லை. ஆனாலும் சொல்கிறேன், நீங்கள் ஏரியிலோ அறுப்பு முடிந்த வயலிலோ ஆடிப் பழகியவர். ஞாயிற்றுக்கிழமை டோர்னமெண்டில் நாலு சிக்ஸ் அடித்துப் பேர் வாங்கியிருப்பீர்கள். யாரோ ஒருத்தர் "நீ லெதர் பால் ஆட வேண்டிய ஆளுடா" என்று உசுப்பேற்றியிருப்பார். போன இடத்தில் மிட் ஆனில் லட்டு மாதிரி கேட்ச் கொடுத்துவிட்டு, திரும்பி வரும் வழியெல்லாம் பேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்திருப்பீர்கள். தப்பாக இருந்தால் மன்னிக்கவும். நான் பட்டது அதுதான், அதனால் உங்களுக்கும் அதுதான் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்று. நான் கோச் கிடையாது. காவேரிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கிறேன். கிருஷ்ணகிரியில் ஒரு டீமுக்கு மூன்று சீசன் லெதர் பால் ஆடியதுதான் என் சரித்திரம், அதிகபட்ச ரன் 58. "இதுக்கு நீ பதில் சொல்ல வந்துட்டியா" என்று கமெண்டில் கேட்கப் போகிறவர்கள் தாராளமாகக் கேட்கலாம். டைமிங், அதாவது சரியான நொடியில் பேட்டைப் பந்தில் கொண்டுவந்து வைப்பது, பிறவியிலேயே வந்தவனுக்கு அது ஏன் வராமல் போகிறது என்று சொல்லத் தெரியாது. எனக்குத் தெரியும், நான் வராமல் கஷ்டப்பட்டவன்.

எங்கள் ஏரி தை மாசக் கடைசியில் வற்றிவிடும். ஆடி வரைக்கும் அதுதான் கிரவுண்ட். ஆஃப் சைடு, அதாவது வலதுகைப் பேட்ஸ்மேனுக்கு வலப்பக்கம், முழுக்க சீமைக்கருவேல முள். அதற்குள் பந்து போனால் போனதுதான், அடித்தவன் புதுப் பந்து வாங்கித் தர வேண்டும். நேராக அடித்தால் மாந்தோப்பு. தோப்புக்குள் விழுந்தால் அவுட். காய்ப்புக் காலத்தில் தோப்புக்காரர் கட்டிலைப் போட்டு அங்கேயே உட்கார்ந்திருப்பார், பந்து திரும்பி வராது, திட்டு மட்டும் வரும். மிச்சம் இருந்தது எதிர்ப்பக்கமான லெக் சைடு ஒன்றுதான். பத்து வருஷம் எல்லாப் பந்தையும் அங்கேயே இழுத்து அடித்தோம். ஆஃப் சைடில் அடிக்கும் கவர் டிரைவ் எங்களைப் பொறுத்தவரை ஷாட் இல்லை, செலவு.

இதை ஏன் இவ்வளவு விலாவாரியாகச் சொல்கிறேன் என்றால், "டென்னிஸ் பால் பசங்களுக்கு டெக்னிக்கே கிடையாது" என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். எங்களுக்கு டெக்னிக் இருந்தது. அந்த ஏரிக்கு அளவெடுத்துத் தைத்த டெக்னிக். வேறு கிரவுண்டுக்குப் போனபோதுதான் அளவு பொருந்தவில்லை. சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி நடராஜனும் டென்னிஸ் பாலில் ஆரம்பித்தவர்தானே? ஒரே ஆஸ்திரேலியா டூரில், 2020 டிசம்பருக்கும் 2021 ஜனவரிக்கும் நடுவில், மூன்று ஃபார்மட்டிலும் இந்தியாவுக்கு இறங்கினார். அவர் பௌலர், உண்மைதான். பேட்ஸ்மேனுக்கு மாறுவது இன்னும் கஷ்டம் என்பது என் கட்சி.

காரணம் பந்தின் எடையிலேயே இருக்கிறது. டென்னிஸ் பந்து 58 கிராம் சுற்றி இருக்கும். லெதர் பந்து 156-லிருந்து 163 கிராம். டென்னிஸ் பந்து தரையில் பட்டதும் வேகம் செத்து மேலே எழும்பும். அதில் பாரமே இல்லாததால் தூரம் போக வேண்டுமென்றால் முழு பலத்தையும் நாம்தான் கொடுக்க வேண்டும். அதனால் பேட் பிடியில் கீழே இருக்கும் கீழ்க்கையை இறுக்கிப் பிடித்து, முன்காலை ஒதுக்கி, குறுக்கே வீசுவோம். லெதர் பந்து தன் பாரத்தைத் தானே சுமந்துகொண்டு வரும். பேட்டின் முழு முகம் காட்டி நின்றாலே பாதி தூரம் போய்விடும். இதைக் குறுக்கே வீசினால், நாலேகால் அங்குல பேட்டில் எந்த ஓரத்தில் படும் என்பது பந்தின் விருப்பம்.

இனி என் கதை. 2007-ல் முதல் நாலு மேட்சில் என் ஸ்கோர்: 4, 0, 7, 1. மேட்டிங் விக்கெட், அதாவது விரிப்புப் போட்ட பிட்ச். நாலில் மூன்று முறை மிட் ஆஃபிலோ மிட் ஆனிலோ கேட்ச், ஒரு முறை போல்டு. நாலாவது மேட்சில் வெளியே வந்து கால் பேடைக் கழற்றிக்கொண்டே "பால் நின்னு வருதுண்ணா" என்றேன். கேப்டன் எங்களைவிடப் பன்னிரண்டு வயசு மூத்தவர், ஒரு வார்த்தைக்கு மேல் பேசாத ஆள். அன்றைக்கு மட்டும், "பால் நிக்கலப்பா. நீதான் முன்னாடியே போயிட்ட" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். ஏரியில் ஒரே ஓவரில் 28 அடித்தவன் நான், அந்தச் சிரிப்பு எப்படி இருந்திருக்கும் பாருங்கள்.

அடுத்த வாரமே கவரில் ஒரு கேட்சுக்குப் போய் வலது கை மோதிர விரல் உடைந்தது. நாட்டு வைத்தியரிடம் முட்டை வெள்ளைக்கருப் பத்துப் போட்டு மூங்கில் சிம்பு வைத்துக் கட்டினார்கள். (ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும் என்று இப்போது எனக்கும் தெரியும், அதற்குத் தனியாகத் திட்ட வேண்டாம்.) ஆறு வாரம் பேட்டைத் தொடக்கூடாது. அந்த மட்டத்து மேட்சில் பேட்டிங் செய்யும் டீம்தான் அம்பயர் கொடுக்க வேண்டும், வெயிலில் நிற்க யாரும் வர மாட்டார்கள். கை உடைந்தவன் நான் இருந்தேன். ஆறு வாரமும் ஸ்கொயர் லெக்கில், அதாவது பேட்ஸ்மேனுக்குப் பக்கவாட்டில், அம்பயராக நிறுத்திவிட்டார் கேப்டன்.

பந்து எண்ணுவதற்குப் பாக்கெட்டில் ஆறு புளியங்கொட்டை வைத்திருப்பேன். இரண்டாவது வாரத்தில் போரடித்து, இன்னொரு கைப்பிடி கொட்டையை வலது பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். பேட் பந்தைத் தொடும் இடம் முன்கால் பேடுக்கு ரொம்ப முன்னால் இருந்தால் ஒரு கொட்டை இடது பக்கம் போகும். பேடை ஒட்டி, கண்ணுக்கு நேர் கீழே பட்டால் கொட்டை அங்கேயே இருக்கும். சும்மா விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன். என் வயசுப் பசங்கள் இறங்கினால் மூன்று ஓவருக்குள் வலது பாக்கெட் காலியாகிவிடும், அவனும் அவுட் ஆகியிருப்பான். எங்கள் டீமில் பேங்கில் வேலை செய்த ஒருத்தர் இருந்தார், நாற்பது வயசு, தொப்பை, ஓடச் சொன்னால் முறைப்பார். அவர் நின்றால் ஒரு கொட்டைகூட நகராது. பந்து கிட்டே வந்து, ஐயோ போல்டு என்று எனக்குத் தோன்றும் நேரத்தில் பேட்டைக் கொண்டுவந்து வைப்பார். வைப்பார், அவ்வளவுதான். பந்து மிட் ஆஃபுக்கும் கவருக்கும் நடுவில் போய்க்கொண்டே இருக்கும்.

நெட்டில் பின்னால் நின்று பார்த்தால் இது தெரியாது. பௌலர் பக்கமிருந்தும் தெரியாது. பக்கவாட்டில் நின்றால்தான் தெரியும். ஆகையால் உங்களுக்கு என் முதல் யோசனை: யாரையாவது விட்டு ஸ்கொயர் லெக்கில், பேட்ஸ்மேன் நிற்கும் கிரீஸ் கோட்டுக்கு நேராக போனை வைத்து ஸ்லோமோஷனில் எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் பேட் எங்கே பந்தைச் சந்திக்கிறது என்று மட்டும் பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

கட்டுப் பிரித்த பிறகு விரல் முழுசாக மடங்கவில்லை. இன்றைக்கும் மடங்காது, களி உருண்டை பிடிக்கும்போது அந்த விரல் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். பேட்டைப் பிடித்தால் கீழ்க்கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் வேலை செய்தன, பிடி இறுகவே இல்லை. பயந்துகொண்டே இறங்கினேன். முதல் பந்தை முட்டுக் கொடுத்தேன், காலடியிலேயே செத்து விழுந்தது. மூன்றாவது பந்து நடுவில் பட்டுப் பௌலரைத் தாண்டி ஓடியது, கையில் பட்ட உணர்வே இல்லை. அன்றைக்கு 31 அடித்து ரன் அவுட். "வெறும் 31-ஆ" என்பீர்கள். அதற்கு முந்தைய நாலு மேட்சையும் கூட்டினால் 12.

விரலை உடைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. கீழ்க்கைப் பிடியை விடச் சொல்கிறேன். அந்தக் கை இறுகினால் பேட் முகம் திரும்பும், அதோடு அவசரமும் வந்துவிடும். நான் அப்புறம் செய்தது, இப்போது அக்கா பையனைச் செய்ய வைப்பது இதுதான். பக்கத்தில் ஒருத்தர் நின்று தோள் உயரத்திலிருந்து பந்தைக் கீழே விட வேண்டும். ஒரு தடவை எழும்பி இறங்கும்போது மேல்கையால் மட்டும் பேட்டைப் பிடித்து நேராகத் தள்ள வேண்டும். முதல் நாள் ஐம்பது பந்தில் முன்கை கழன்றுவிடும். மேல்கையால் தனியாகத் தூக்க முடியவில்லை என்றால் உங்கள் பேட் உங்களுக்குக் கனம், கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி. பழைய சாக்ஸில் பந்தைப் போட்டுக் கயிற்றில் தொங்கவிடுவதும் நல்லதுதான், பேட் நேராக வர உதவும். டைமிங்குக்கு அது மட்டும் போதாது என்பது என் அனுபவம், தரையில் பட்டு எழும்பும் பந்தே வேறு.

"பாலை கடைசி வரைக்கும் பாரு" என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் கண் வலிக்கப் பார்த்தேன். லேண்ட், மெக்லியோட் என்ற இரண்டு பேர் 2000-ல் பேட்ஸ்மேன் தலையில் கேமரா மாட்டி ஓர் ஆய்வு செய்தார்கள். பந்து கையை விட்டு வரும்போது பார்க்கிறார்கள், உடனே அது எங்கே பிட்ச் ஆகுமோ அந்த இடத்துக்குக் கண் முன்கூட்டியே தாவிவிடுகிறது, அங்கே காத்திருந்து பந்தைப் பிடித்துக்கொள்கிறது. நல்ல பேட்ஸ்மேனுக்கு அந்தத் தாவல் சீக்கிரம் நடக்கிறது. கணக்கும் போட்டுப் பாருங்கள். கிரீஸுக்குக் கிரீஸ் 17.68 மீட்டர். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்துக்கு அரை நொடிக்குக் கொஞ்சம் மேல்தான் நேரம். அதில் கண்ணுக்கும் காலுக்கும் அவசரம் வேண்டும். பேட்டைப் பந்து வருமுன்பே மேலே தூக்கி வைத்துவிட்டால், கைக்கு அவசரமே வேண்டாம்.

இன்னொன்று, கொஞ்ச நாளைக்கு உங்கள் செல்லமான ஷாட்டை மூட்டைகட்டி வையுங்கள். சச்சின் 2004 ஜனவரியில் சிட்னியில் 241 நாட் அவுட் அடித்தபோது கவர் டிரைவையே தொடவில்லை, அந்தத் தொடரில் அதிலேயே அவுட் ஆகிக்கொண்டிருந்தார் என்பதால். 436 பந்து. அவரே விட்டார், நாம் லெக் சைடு இழுவையை ஆறு மேட்சுக்கு விட முடியாதா?

இதற்குச் சம்பந்தமில்லாதது ஒன்று, தெரிந்தேதான் எழுதுகிறேன். அந்த 58 அடித்த சீசனில் சென்னையில் ஒரு செலக்‌ஷனுக்குப் போனேன். கிருஷ்ணகிரி மாவட்டத் தலைநகரம், ரயில் கிடையாது. 1905-ல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குச் சின்ன ரயில் ஓடியிருக்கிறது, இரண்டாம் உலகப்போர் சமயத்தில் நிறுத்தினார்கள், அதோடு சரி. தாத்தா காலத்தில் இருந்தது பேரன் காலத்தில் இல்லை. ராத்திரி பஸ்ஸில் கிட் பேகுக்கு லக்கேஜ் டிக்கெட் போட்டே ஆக வேண்டும் என்று கண்டக்டர் மல்லுக்கட்ட, பையை மடியில் வைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்து போனேன். காலையில் போய் வரிசையில் நின்றால் மத்தியானம் மூன்று மணிக்குக் கூப்பிட்டார்கள். ஆறு பந்து. நாலாவது பந்து அழகாகப் பட்டது, அந்த நேரம் செலக்டர் டீ வாங்கிக்கொண்டிருந்தார். உள்ளூர்க்காரப் பையன்கள் வீட்டில் தூங்கி எழுந்து வந்து ஆடினார்கள். இதெல்லாம் டெக்னிக் பற்றிய பதிலில் வராது, எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

கடைசியாக உங்கள் கேள்விக்கு. டென்னிஸ் பால், லெதர் பால் இரண்டையும் ஒரே வாரத்தில் ஆடாதீர்கள். சனிக்கிழமை நெட்டில் பொறுமையாக ஆடிவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஏரியில் இறங்கினால், நாலு பந்தில் கீழ்க்கை பழைய இறுக்கத்துக்குப் போய்விடும். டோர்னமெண்டை விடுங்கள் என்று சொல்ல எனக்கு மனசு வராது, நானே விடவில்லை. போன கோடையில் ஏரியில் இறங்கினேன், ஆஃப் சைடில் ஒன்று அருமையாகப் பட்டு நேரே கருவேல முள்ளுக்குள் போனது. அக்கா பையன் கை நீட்டிக்கொண்டு வந்தான், "மாமா, பால் காசு."