சுத்தபோசனம் முடிந்த பிறகும்

ஐயா,

நாங்கள் மூன்று தலைமுறையாக இராயபுரத்தில் வாழும் கத்தோலிக்கக் குடும்பம். கணவர் காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து விற்பவர். மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். தவக்காலத்தில் நாற்பது நாளும் எங்கள் வீட்டில் சுத்தபோசனம்தான், மீன்கூடக் கிடையாது. அது மாமியார் காலத்து வழக்கம். இந்த ஆண்டு உயிர்ப்பு ஞாயிறன்று எல்லாரும் பிரியாணிக்கு உட்கார்ந்தபோது, மகள் தட்டை நகர்த்திவிட்டு, இனி இறைச்சி வேண்டாம் என்றாள். கல்லூரிக்குப் போகும் வழியில் வண்டிகளில் தலைகீழாகத் தொங்கும் கோழிகளைப் பார்த்துப் பார்த்து மனம் தாங்கவில்லையாம். இப்போது மீனும் முட்டையும்கூட இல்லை. "நம் வீட்டில் ஐயர் வீட்டுப் பெண் பிறந்துவிட்டாளே" என்று மாமியார் அழுகிறார். தன் தொழிலையே மகள் பழிக்கிறாள் என்று கணவருக்கு மனத்தாங்கல். ஆண்டவரே மீன் சாப்பிட்டாரே, இவள் அவரைவிடப் பெரியவளா என்று கேட்கிறார்கள். நான் என்ன சொல்வது?

பெயர் வேண்டாம்,
இராயபுரம்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் மாமியாரின் அழுகையைப் பற்றிச் சொல்கிறேன். அதைத் தள்ளிவிடாதீர்கள். எனக்குப் பத்து வயதிருக்கும்போது பெரம்பூரில் என் தந்தை வாடகைக்கு வீடு தேடினார். ஒரு வீட்டுக்காரர் வேலையைக் கேட்கவில்லை, சம்பளத்தைக் கேட்கவில்லை, "என்ன சமைப்பீர்கள்?" என்று மட்டும் கேட்டார். அது சாதியைக் கேட்கும் கேள்வி என்பது அந்த வயதிலேயே எனக்குப் புரிந்தது. வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் மாட்டிறைச்சி உண்டு உழைத்தவர்கள் அந்தக் கேள்விக்கு முன்னால் எத்தனை முறை தலைகுனிந்து திரும்பியிருப்பார்கள்! அதே ஏளனம் இப்போது தன் பேத்தியின் வாயிலிருந்து வருவதாக உங்கள் மாமியார் நினைக்கிறார். அந்தக் காயம் உண்மையானது.

ஆனால் உங்கள் மகள் சொன்னது அது அல்ல என்று உறுதியாக நம்புகிறேன்.

தீட்டு பார்க்கிறவர் உண்கிறவனைப் பார்த்து முகம் சுளிக்கிறார். அந்த விலங்குக்கு என்ன நேர்ந்தது என்பது அவருக்குப் பொருட்டே இல்லை. பாலுக்காக வளர்க்கப்படும் மாடு ஈனும் காளைக்கன்று எங்கே போகிறது, கறவை நின்ற மாடும் எருமையும் யார் கைக்குப் போகின்றன என்று அவர் கேட்பதில்லை. பாலைக் குடித்துவிட்டு, அந்த மாட்டின் இறைச்சியை உண்பவனை இழிவாகப் பேசுவார். உங்கள் மகள் யார் தட்டையும் பார்க்கவில்லை. வண்டியில் தொங்கிய கோழியைப் பார்த்தாள்.

ஒரு கிறிஸ்தவப் பெண்ணுக்குத் தீட்டு என்ற காரணம் கிடையவும் கிடையாது. வாய்க்குள் போவது மனிதனைத் தீட்டுப்படுத்தாது, வாயிலிருந்து வருவதே தீட்டுப்படுத்தும் என்று ஆண்டவர் முடித்துவைத்துவிட்டார் (மத்தேயு 15:11). ஆகவே அவள் இறைச்சியை மறுத்தால் அதற்கு மிஞ்சும் காரணம் இரக்கம் ஒன்றுதான். "நான் சைவம்" என்று சொல்ல வேண்டாம் என்று மட்டும் அவளிடம் சொல்லுங்கள். அந்தச் சொல்லோடு ஒரு சமயமும், இந்த ஊரில் ஒரு சாதி மிடுக்கும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நம் பழைய வேதாகம மொழிபெயர்ப்பில் மரக்கறி என்ற நல்ல சொல் இருக்கிறது. பாபிலோன் அரண்மனையில் தானியேல் பருப்பும் மரக்கறியும் தண்ணீரும் கேட்டு வாங்கிப் பத்து நாள் உண்டார். அந்தச் சொல் போதும்.

ஆண்டவர் மீன் உண்டார். உயிர்த்தெழுந்த பிறகும் சீடர்கள் கொடுத்த மீன் துண்டை அவர்கள் கண்முன்னே உண்டார் என்று லூக்கா எழுதுகிறார். இதை மறைத்துப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. இறைச்சி உண்பது பாவம் என்று விவிலியம் சொல்லவில்லை. ஆனால் அதே ஆண்டவர் எருசலேமைப் பார்த்து ஏங்கியபோது தம்மை எதற்கு ஒப்பிட்டார்? தன் குஞ்சுகளைச் சிறகுகளின்கீழே கூட்டிச் சேர்த்துக்கொள்ளும் கோழிக்கு. சிங்கம், கழுகு என்று எத்தனையோ இருக்க, வீட்டு முற்றத்தில் மேயும் தாய்க்கோழியை எடுத்துக்கொண்டார்.

இன்று நம் தட்டுக்கு வரும் கோழி அந்தச் சிறகை அறியாது. பொரிப்பகத்தின் இயந்திரச் சூட்டில் பொரிந்து, தாயைப் பார்க்காமலே வளர்கிறது. ஏறக்குறைய ஆறு வாரத்தில் இரண்டு கிலோ எடை ஏறிவிடுகிறது. உடலின் வேகத்துக்குக் கால் ஈடுகொடுக்காமல் பல கோழிகள் நொண்டுகின்றன. முட்டைக்கோழியின் நிலை இன்னும் கடினம். அடுக்குக் கம்பிக் கூண்டில் ஒரு கோழிக்கு ஓர் ஏ4 தாள் அளவு இடம்கூட இருக்காது. சிறகு இருக்கும், விரிக்க இடமிருக்காது. முட்டையிடும் இனத்தில் பிறக்கும் சேவல் குஞ்சுகள் பயனற்றவை என்று பொரிந்த அன்றோ மறுநாளோ கொல்லப்படுகின்றன. 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், அசைய இடமில்லாத கூண்டில் அடைப்பதையும், வதைபடும்படி ஏற்றிச் செல்வதையும் குற்றம் என்கிறது. 2017இல் சட்ட ஆணையம் தன் 269ஆவது அறிக்கையில் இந்தக் கோழிகளின் நிலையை ஆராய்ந்து விதிகளைப் பரிந்துரைத்தது. உங்கள் மகள் காலையில் பார்ப்பது அந்த வாழ்க்கையின் கடைசி ஒரு மணி நேரத்தை.

"நீதிமான் தன் மிருகஜீவனைக் காப்பாற்றுகிறான்" என்கிறது நீதிமொழிகள். ஓய்வுநாளை மனிதனுக்கு மட்டும் கொடுக்கவில்லை. மாடும் கழுதையும் இளைப்பாற வேண்டும் என்று மோசேயின் சட்டம் சேர்த்தே சொல்கிறது. நினிவே நகரத்துக்கு இரங்கியதற்குக் காரணம் சொல்லும்போதும் கடவுள் மனிதர்களோடு நிறுத்தவில்லை. யோனா நூலின் கடைசிச் சொற்கள் அங்கிருந்த விலங்குகளைப் பற்றியவை.

மனிதனே வதைபடும்போது கோழிக்கு என்ன அழுகை என்று யாராவது கேட்டால், 1824இல் லண்டனில் விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் தொடங்கியதைச் சொல்லுங்கள். அதை முன்னின்று தொடங்கியவர் ஆர்தர் புரூம் என்ற ஆங்கிலிக்கன் குரு. சங்கத்தின் கடனுக்காகச் சிறைக்கும் போனார். அடிமை வணிகத்தை ஒழிக்கப் போராடிய வில்பர்ஃபோர்ஸும் அதே மேசையில் இருந்தார். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஏழுகிணற்றில் வாழ்ந்த வள்ளலார் உயிர் இரக்கத்தையும் சாதி மறுப்பையும் ஒரே வாயால் பேசியவர்.

இனி உங்கள் கணவர். அவர் மனம் நோவது நியாயம். மீனவரான இராயப்பரின், அதாவது பேதுருவின், பெயரைத் தாங்கிய ஊர் இராயபுரம். அங்குள்ள இராயப்பர் கோயில் படகுக்காரர்கள் எழுப்பியது. கடலில் உயிரைப் பணயம் வைக்கும் மக்களின் உழைப்பைக் கூண்டுப் பண்ணையோடு ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வராது. உண்ணாதவன் உண்பவனைத் தீர்ப்பிட வேண்டாம், உண்பவன் உண்ணாதவனை இகழ வேண்டாம் என்று பவுல் உரோமையருக்கு எழுதியது உங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரத்துக்கு எழுதியதுபோலவே இருக்கிறது. மகள் அப்பாவின் எதிரில் உட்கார்ந்து உண்ணட்டும், அவர் தட்டைப் பற்றி ஒரு சொல் பேசாமல். அவரும் அவள் தட்டைப் பற்றிப் பேச வேண்டாம்.

உடம்பைப் பற்றி ஒன்று. பாலையும் அவள் விடுவதாக இருந்தால் பி12 சத்துக்கு மருத்துவரைக் கேட்டு மாத்திரை எடுக்க வேண்டும். அது மரக்கறியில் கிடைக்காது. மற்றதற்குக் கொள்ளு, காராமணி, வேர்க்கடலை, கீரை இருக்கின்றன.

இவற்றைச் சமைக்க அவளுக்கு யார் கற்றுக்கொடுப்பது? ஒவ்வொரு தவக்காலத்திலும் நாற்பது நாள் மீனில்லாமல் அந்த வீட்டுக்கே சமைத்துப்போட்டவர் உங்கள் மாமியார்தானே. மொச்சைக் குழம்புக்கு எப்போது புளி ஊற்ற வேண்டும் என்பது அவர் கைக்குத் தெரியும். அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்து வந்ததும் பேத்தியை அவர் பக்கத்தில் நிறுத்துங்கள். "எனக்குச் சொல்லிக்கொடுங்கள், பாட்டி" என்று அவளே கேட்கட்டும்.