மலாவியில் ஒரு மாவட்டம் முழுக்க எந்தத் தொண்டு நிறுவனம் எந்தத் துறையில் இருக்கிறது என்று வரைபடம் போடச் சொல்கிறார்கள். எந்த மென்பொருளில் தொடங்குவது?

மென்பொருளை முதலில் முடித்துவிடுகிறேன். கியூஜிஐஎஸ் போதும், இலவசம். மாவட்ட எல்லை, அதற்குக் கீழே உள்ள டி.ஏ. (ஒரு மரபுத் தலைவரின் ஆளுகைக்குள் வரும் பகுதி) எல்லை எல்லாம் ஐ.நா.வின் எச்.டி.எக்ஸ். தரவுத் தளத்தில் இறக்கிக்கொள்ளலாம். வரைவது இரண்டு நாள் வேலை. எனக்கு மொத்தம் மூன்று மாதம் ஆனது. மீதி நாளெல்லாம் எங்கே போனது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

நான் இதைச் செய்தது நசாஞ்சேயில். மலாவியின் தென்கோடி மாவட்டம், மூன்று பக்கமும் மொசாம்பிக், நடுவே ஷிரே ஆறு. 2018 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 3 லட்சத்தை ஒட்டி. 2015 ஜனவரி வெள்ளம், 2019இல் இடாய் புயல், 2022இல் ஆனா புயல், 2023 மார்ச்சில் ஃபிரெடி புயல் என்று வரிசையாக அடி வாங்கிய இடம். ஒவ்வொரு வெள்ளத்துக்கும் புதிதாகச் சில நிறுவனங்கள் வரும். சில தங்கும், சில கிளம்பிவிடும். கிளம்பியதன் பெயர்ப்பலகை மட்டும் சாலையோரத்தில் துருப்பிடித்து நிற்கும்.

நிவாரண வேலையில் இருப்பவர்கள் இந்தப் பட்டியலை 'த்ரீ டபிள்யூ' என்பார்கள். யார், என்ன, எங்கே. 'எப்போது' என்பதையும் சேர்த்தால் 'ஃபோர் டபிள்யூ'. நான் மூன்றோடு நிறுத்தியது முதல் தப்பு. நசாஞ்சேயில் அறுவடைக்கு முந்தைய பஞ்ச காலம் நவம்பரிலிருந்து மார்ச் வரை. ஜனவரியில் கேட்டால் பாதிப் பேர் உணவுத் துறையில் இருப்பார்கள், ஜூலையில் கேட்டால் அதே ஆட்கள் விதை, கிணறு என்று மாறியிருப்பார்கள். எந்த மாதத்து நிலவரம், திட்டம் எப்போது முடிகிறது என்று எழுதாத வரைபடம் ஆறு மாதத்தில் பொய்யாகிவிடும்.

சரி, பட்டியல் எங்கே கிடைக்கும்? நேராகப் போமாவுக்குப் போங்கள். மாவட்டத் தலைமையிடத்தை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். மாவட்டத்தில் வேலை செய்ய வரும் நிறுவனம் முதலில் மாவட்ட நிர்வாகக் குழுக் கூட்டத்தில் தன்னை அறிமுகம் செய்துகொள்ள வேண்டும் என்பது முறை. ஆகவே திட்டமிடல் இயக்குநரின் அலுவலகத்தில் ஒரு கோப்பு இருக்கும். அதில் ஒரே குறை, வந்தவர்கள் பெயர் இருக்கும், போனவர்கள் பெயரும் அப்படியே இருக்கும். பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் போன் போட்டேன். மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் காத்திருந்தால் உங்கள் ஒப்பந்தக் காலம் முடிந்துவிடும்.

முதல் வரைபடத்தைப் பெருமையாகக் கூட்டத்தில் காட்டினேன். நிறுவனங்கள் குவிந்த போமாவும் பங்குலா ஊரும் அடர் சிவப்பு, தார்ச்சாலையை விட்டு விலக விலக வெளிறிப் போனது. வேளாண்மை அதிகாரி ஒருவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நீங்கள் போட்டிருப்பது அலுவலக முகவரியா?" என்று கேட்டார். ஆமாம், அதைத்தான் போட்டிருந்தேன். என் படிவத்தில் 'இடம்' என்று மட்டும் கேட்டிருந்தேன், எல்லாரும் அலுவலகம் இருக்கும் ஊரை எழுதிவிட்டார்கள்.

அடுத்த முறை டி.ஏ.வாரியாகக் கேட்டேன். அதிலும் சிக்கல்தான். வேளாண்மைத் துறை தன் விரிவாக்கப் பகுதிகளை வைத்துப் பேசும், கல்வித் துறை தன் மண்டலங்களை வைத்து, சுகாதாரத் துறை ஒவ்வொரு சுகாதார நிலையத்தையும் சுற்றியுள்ள கிராமங்களை வைத்து. இவற்றின் எல்லைகள் ஒன்றோடொன்று பொருந்தா. "அந்த மண்டலத்தில் பன்னிரண்டு பள்ளிக்கூடம்" என்று ஒருவர் சொன்னால், பள்ளிப் பெயர்களை வாங்கி, ஒவ்வொன்றும் எந்த டி.ஏ.வில் இருக்கிறது என்று உட்கார்ந்து பிரிக்க வேண்டும். போதாக்குறைக்குப் பெயர்க் குழப்பம். இங்கே ஒரு ங்காபு உண்டு, பக்கத்து சிக்வாவா மாவட்டத்திலும் ஒரு ங்காபு. மலேமியா இங்கேயும் உண்டு, சோம்பா மாவட்டத்திலும் உண்டு. பெயரை நம்பாமல் ஒவ்வொரு வரிசையிலும் அந்தப் பகுதிக்கே உரிய இடக்குறியீட்டைப் போடுங்கள். ஒரு நிறுவனத்தின் சிக்வாவா கிணறுகளை நான் நசாஞ்சேயில் தோண்டி வைத்திருந்தேன்!

ஷிரேயின் கிழக்குக் கரை தனிக் கதை. 2015 வெள்ளத்தில் ருவோ ஆறு தடம் மாறி மகாங்கா பக்கத்தைத் துண்டித்தது. மழைக்காலத்தில் போமாவிலிருந்து அங்கே போக வேண்டுமென்றால் பக்கத்துத் தியோலோ மாவட்டம் வழியாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. அதனால் அங்கே வேலை செய்யும் சிலர் தியோலோவிலேயே அலுவலகம் வைத்துக்கொண்டு, போமா பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. கோப்பில் அவர்கள் பெயர் கிடையாது. மகாங்கா சந்தையில் ஒரு சைக்கிள் டாக்சிக்காரரிடம் விசாரித்துத்தான் இரண்டு நிறுவனங்களைக் கண்டுபிடித்தேன்.

என்னை ரொம்ப நாள் குழப்பியது நியாச்சிகாட்சா. ஷிரேயின் வெள்ளச் சமவெளியில் கிடக்கும் டி.ஏ. என் வரைபடத்தில் அது சுத்த வெள்ளை. யாருமே உதவவில்லை என்று அறிக்கையும் எழுதிவிட்டேன். உண்மையில் தண்ணீர் ஏறியதும் அந்த மக்கள் மேட்டுப் பகுதி முகாம்களுக்கு வருகிறார்கள், அரிசியோ மாவோ அங்கே வாங்குகிறார்கள், கணக்கு முகாம் இருக்கும் டி.ஏ.வில் ஏறுகிறது. வடிந்ததும் வண்டல் மண்ணை விட மனமில்லாமல் திரும்பிவிடுகிறார்கள். ஆகவே 'எங்கே' என்பதை இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள்: பொருள் கொடுத்த இடம் எது, வாங்கியவரின் ஊர் எது.

அதே மாதிரி, வெள்ளை என்றால் என்ன அர்த்தம் என்று நீங்களே முடிவு செய்ய வேண்டும். "அங்கே நாங்கள் இல்லை" என்று விசாரித்துத் தெரிந்துகொண்டது ஒன்று, யாரும் பதில் சொல்லாதது இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே நிறம் கொடுத்தால், பணம் கொடுப்பவர் பதில் வராத இடத்துக்கு ஓடுவார். நான் பதில் வராததற்குச் சாம்பல் நிறக் கோடுகள் போட்டேன். பார்க்க அசிங்கமாக இருந்தது, ஆனால் கூட்டத்தில் அந்தக் கோடுகளைப் பார்த்துத்தான் நாலு பேர் போனை எடுத்தார்கள்.

துறைப் பிரிப்பில் அதிகம் மண்டையை உடைக்காதீர்கள். பள்ளிக்கூட வளாகத்தில் போட்ட ஆழ்துளைக் கிணறு கல்வியா, குடிநீரா? ஆடு கொடுப்பது வேளாண்மையா, வாழ்வாதாரமா? ஏதாவது ஒரு விதியை வைத்துக்கொண்டு கடைசி வரை அதையே பிடித்துக்கொள்ளுங்கள். பணம் கொடுக்கும் அமைப்பும் களத்தில் இறங்கும் அமைப்பும் ஒரே கிணற்றைத் தனித்தனியாகக் கணக்கில் சேர்ப்பார்கள், அதை மட்டும் விடாதீர்கள். அப்புறம், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான தங்குமிடங்களின் துல்லியமான இடத்தை எந்தக் காரணத்துக்காகவும் வரைபடத்தில் போடக் கூடாது.

முடித்ததும் பிடிஎஃப் அனுப்பிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். நான் பெரிய தாளில் அச்சடித்து, திட்டமிடல் அலுவலகச் சுவரில் ஒட்டி, பக்கத்தில் கயிற்றில் ஒரு பேனாவைக் கட்டிவிட்டு வந்தேன். மூன்று வாரம் கழித்துப் போனபோது ஏகப்பட்ட அடித்தல் திருத்தல், இரண்டு புதுப் பெயர்கள், ஒரு இடத்தில் "இவர்கள் போய்விட்டார்கள்" என்று கொட்டை எழுத்தில். அதைப் போட்டோ எடுத்துவந்துதான் இரண்டாம் பதிப்பைப் போட்டேன். பேனாவை மட்டும் யாரோ எடுத்துப் போயிருந்தார்கள்.