துருப்பிடித்த பழைய கருவிகள்: எதை எடுப்பது, எப்படி மீட்பது? கேள்வி பதில்

பழைய சாமான் சந்தையில் மலிவாகக் கிடைத்த உளி, இழைப்புளி, ரம்பம், ஸ்பேனர் பற்றித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துருவை எடுப்பது இதில் சுலபமான வேலை. அடியில் மிஞ்சியிருக்கிற எஃகு எப்படி இருக்கிறது, சுத்தம் செய்கிறேன் என்று அதை நாமே கெடுத்துவிடாமல் இருக்கிறோமா என்பதுதான் பெரிய விஷயம்.

குவியலில் எல்லாமே ஒரே பழுப்பு நிறத்தில் கிடக்கிறது. எதை எடுக்கலாம், எதை விடலாம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நிறத்தைப் பார்க்காதீர்கள், குழியைப் பாருங்கள். மேலே பொடிப்பொடியாகப் படர்ந்த ஆரஞ்சுத் துரு பார்க்கத்தான் பயங்கரம், வினிகர் போன்ற அமிலத்தில் ஒரு ராத்திரி ஊறினால் போய்விடும். துரு இரும்பைத் தின்று உள்ளே இறங்கியிருந்தால், சுத்தம் செய்த பிறகும் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள் நிற்கும். அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

உளியை எடுத்துக்கொள்ளுங்கள். சரிவான பக்கத்தில் குழி இருந்தால் கவலையே இல்லை, தீட்டத் தீட்ட அது தேய்ந்துவிடும். திருப்பிப் பாருங்கள். தட்டையான முதுகுப் பக்கத்தில், கூர்முனைக்கு அருகில் குழி இருந்தால் யோசிக்க வேண்டும். கூர் என்பது இரண்டு பரப்புகள் சந்திக்கும் கோடு. ஒரு பரப்பில் பள்ளம் இருந்தால் அந்த இடத்தில் கூரில் ஒரு பல் விழுந்த மாதிரி இருக்கும், வெட்டிய மரத்தில் அதே இடத்தில் ஒரு கீற்று தெரியும். கையில் ஒரு துண்டு உப்புத்தாள் கொண்டுபோய், விற்பவரைக் கேட்டுவிட்டு, முதுகின் நுனியில் மட்டும் நாலு தேய் தேய்த்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கரும்புள்ளிகள் மறையாமல் நின்றால் அவை ஆழமானவை. நுனியில் மட்டும் என்றால் அதைச் சாணை பிடித்துக் கழித்துவிடலாம். பாதி நீளம் வரை போயிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

இழைப்புளி என்றால் அடிப்பரப்பில், பிளேடு வெளியே வரும் வாயைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். வார்ப்பிரும்பு வளையாது, உடையும். அதில் விழுந்த விரிசலைச் சரிசெய்வது வீட்டு வேலை அல்ல. ரம்பத்தைக் கண்ணுக்கு நேரே நீட்டிப் பிடித்து முதுகு வழியாகப் பாருங்கள். மெதுவான வளைவு இருந்தால் நிமிர்த்தலாம். ஓரிடத்தில் மடங்கிய மடிப்பு இருந்தால் பெரும்பாலும் நேராகாது. உடைந்த பிடி, தொலைந்த திருகு இதெல்லாம் காரணமே இல்லை. அவற்றுக்காக விலை குறைந்தால் நமக்கு லாபம்தான்.

வினிகரா, சிட்ரிக் அமிலமா? எவ்வளவு நேரம் ஊறவிட வேண்டும்?

இரண்டும் வேலை செய்யும். எனக்குப் பிடித்தது சிட்ரிக் அமிலம். நாற்றம் இல்லை, பொடியாகக் கிடைக்கிறது, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் போதும். வினிகர் என்றால் கடையில் கிடைக்கும் 5 சதவீதக் கரைசலை அப்படியே ஊற்றலாம். எதில் போடுவதற்கு முன்னாலும் கருவியில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கைப் பாத்திரம் கழுவும் சோப்பால் தேய்த்து எடுத்துவிடுங்கள். பிசுக்கு இருக்கும் இடத்தில் அமிலம் தொடாது, துரு திட்டுத்திட்டாக நின்றுவிடும்.

நேரத்துக்குக் கணக்கு சொல்ல மாட்டேன், எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றுதான் சொல்வேன். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்துக் கம்பி பிரஷால் தேய்த்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றுக்கு ஒரு ராத்திரி தாராளம். அமிலத்துக்குத் துரு எது, நல்ல இரும்பு எது என்ற பேதம் கிடையாது. துரு தீர்ந்ததும் எஃகை அரிக்க ஆரம்பிக்கும். போட்டுவிட்டு மறந்தால் சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக வந்து நிற்கும், பொறித்த எழுத்துகளும் மங்கிவிடும். ரம்பத் தகடு, சுருள்வில் போன்ற மெல்லிய, கடினமாகப் பதம் ஏற்றிய எஃகை இன்னும் குறைவாகவே ஊறவிடுங்கள். அமிலத்தில் உண்டாகும் ஹைட்ரஜன் அந்த மாதிரி எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுவரக்கூடும்.

ஊறவைத்து எடுத்தேன், பளிச்சென்று இருந்தது. துடைப்பதற்குள் மறுபடி மஞ்சளாகிவிட்டது! என்ன தப்பு?

தப்பு ஒன்றுமில்லை, எல்லோருக்கும் நடப்பதுதான். மேலே பாதுகாப்புப் படலம் எதுவும் இல்லாத வெற்று இரும்பில் ஈரம் பட்டால் நிமிஷத்தில் துரு பூக்கும். எடுத்தவுடன் சமையல் சோடா கலந்த தண்ணீரில் முக்கி மிச்ச அமிலத்தை முறியுங்கள். நல்ல தண்ணீரில் அலசி, துணியால் துடைத்து, உடனே சூடு காட்டுங்கள். தலை உலர்த்தும் ஹேர் டிரையரே போதும். கை பொறுக்கும் சூடு இருக்கும்போதே எண்ணெய் தடவிவிடுங்கள். டிரையர், துணி, எண்ணெய் மூன்றும் பக்கத்தில் தயாராக இருந்த பிறகுதான் கருவியை வெளியே எடுக்க வேண்டும்.

குளியலறை கழுவும் ஆசிட் வேகமாக வேலை செய்யுமே, அதைப் பயன்படுத்தலாமா?

வேகம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வேண்டாம். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதன் புகை நுரையீரலுக்குக் கெடுதல். அது போக, அதே அறையில் இருக்கும் மற்ற நல்ல கருவிகள் எல்லாம் அந்தப் புகையிலேயே துருப்பிடிக்கும். இன்னொரு எச்சரிக்கை: எந்த அமிலத்தையும், வினிகரே ஆனாலும், பிளீச்சிங் கரைசலோடு கலக்காதீர்கள். குளோரின் வாயு வரும்.

பேட்டரி சார்ஜர் வைத்துத் துரு எடுக்கிறார்களே, அது பாதுகாப்பானதா சார்?

விதியோடு செய்தால் பாதுகாப்பானது. குழி விழுந்த, மூலைமுடுக்குள்ள பெரிய சாமான்களுக்கு அதைவிட நல்ல வழி இல்லை, ஏனென்றால் அது நல்ல இரும்பை அரிப்பதில்லை. பிளாஸ்டிக் வாளியில் நாலு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா. சார்ஜரின் எதிர்முனை (கறுப்பு) கருவிக்கு, நேர்முனை (சிவப்பு) ஒரு வேண்டாத இரும்புத் துண்டுக்கு. இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. மாற்றிக் கொடுத்தால் கரைவது உங்கள் கருவி, அதனால் இணைப்பை இரண்டு தடவை பார்த்துவிட்டு சுவிட்சைப் போடுங்கள்.

சரியாக இருந்தால் கருவியின் மேல் பொடிக் குமிழ்கள் எழும், கொஞ்ச நேரத்தில் தண்ணீர் மேல் பழுப்பு நுரை கட்டும். குமிழ் வருகிற பக்கம் இரும்புத் துண்டைப் பார்த்த பக்கமாகத்தான் இருக்கும். அதனால் நடுவில் ஒருமுறை கருவியைத் திருப்பி வையுங்கள், அதற்கு முன் மின்சாரத்தை அணைத்துவிடுங்கள். வெளியே வரும்போது கறுப்பாக ஒரு பூச்சு இருக்கும், பிரஷால் தேய்த்தால் போய்விடும்.

இப்போது விதிகள். அந்தக் குமிழ் ஹைட்ரஜன், எரியும் வாயு. திறந்தவெளியில் செய்யுங்கள், பக்கத்தில் நெருப்போ பொறியோ கூடாது. நேர்முனைக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கரண்டி, தட்டு எதையும் மாட்டாதீர்கள். அதிலிருக்கும் குரோமியம் நச்சான வடிவத்தில் தண்ணீரில் இறங்கும். துத்தநாகம் பூசிய தகடும் வேண்டாம். சோடா இல்லையென்று சாப்பாட்டு உப்பைப் போட்டால் குளோரின் வரும். அலுமினியப் பாகம் இருந்தால் கழற்றிவிடுங்கள், சோடா அதைத் தின்றுவிடும். சில புதுவகைத் தானியங்கி சார்ஜர்கள் பேட்டரி இல்லாமல் வேலையே செய்யாது, அது பழுது அல்ல.

அட்ஜஸ்டபிள் ஸ்பேனரின் திருகு அசையவே இல்லை. சுத்தியலால் அடிக்கலாமா அண்ணா?

பலமாக வேண்டாம் தம்பி. இரும்பு துருவாகும்போது அதன் பருமன் இரண்டு மடங்குக்கும் மேல் ஆகிறது. அதுதான் இடுக்கில் ஆப்பு அடித்த மாதிரி இறுக்கிப் பிடித்திருக்கிறது. முதலில் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு நாள் வையுங்கள், அப்புறம் இலேசாகத் தட்டுங்கள். அசையவில்லை என்றால் எண்ணெயைத் துடைத்துவிட்டு, ஹீட் கன்னால் சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி எண்ணெய். சூடும் குளிரும் மாறி மாறி வரும்போது துரு நெகிழும். துளி அசைந்தால் போதும், அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆட்டிக்கொண்டே எண்ணெய் விடுங்கள். ஒரே பக்கமாகத் திருகினால் உடையும். அவசரம்தான் இங்கே எதிரி.

கிரைண்டரில் உளியைத் தீட்டும்போது நுனி நீலமாகிவிட்டது. பாதகமா?

பாதகம்தான். கார்பன் எஃகு உளி சுமார் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் பதமாக்கப்பட்டிருக்கும். நீல நிறம் வருவது 300 டிகிரி அளவில். அந்த இடம் மென்மையாகிவிட்டது, இனி கூர் நிற்காது. நீலம் போகும் வரை நுனியைக் கழித்துவிட்டு மறுபடி தீட்டுங்கள், பக்கத்தில் தண்ணீர் வைத்து இரண்டு நொடிக்கு ஒருமுறை முக்கி. நுனி மெல்லிசு, அங்கேதான் சூடு முதலில் ஏறும். பழைய உளிக்கு 25 டிகிரிச் சரிவு, கடைசி நுனியில் 30 டிகிரி என்பது பெரும்பாலான மரவேலைக்குப் பொருந்தும். சாணைக்கல்லில் தேய்த்தபின் முதுகுப் பக்கம் விரலை நுனியை நோக்கி இழுத்தால் மெல்லிய பிசிறு தட்டுப்பட வேண்டும். நுனியின் முழு அகலத்திலும் அது தட்டுப்பட்டால்தான் கூர் வரைக்கும் போயிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

இழைப்புளியின் அடியைச் சமப்படுத்த எவ்வளவு தேய்க்க வேண்டும்?

நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாக. தடித்த கண்ணாடித் தட்டின் மேல் 80 அல்லது 120 எண் உப்புத்தாளை ஒட்டி, அடிப்பரப்பு முழுக்க மார்க்கரால் கோடு கிறுக்கிவிட்டுத் தேயுங்கள். பிளேடை மாட்டி, இறுக்கி, நுனியை மட்டும் உள்ளே இழுத்து வையுங்கள். இறுக்கத்தில் உடல் கொஞ்சம் வளையும், வேலை செய்யும்போது இருக்கிற அதே நிலையில்தான் தேய்க்க வேண்டும். முன்நுனி, வாய்க்கு முன்னால் உள்ள பட்டை, பின்நுனி: இந்த மூன்று இடத்திலும் மார்க்கர் அழிந்துவிட்டால் நிறுத்திவிடலாம். நடுவில் எங்கோ ஒரு பள்ளம் பாக்கி இருந்தால் இருக்கட்டும். மரத்துக்கு அது தெரியாது.

ரம்பத்தில் கம்பெனி முத்திரை மங்கலாகத் தெரிகிறது. அழியாமல் சுத்தம் செய்ய முடியுமா?

முடியும். சுழலும் கம்பி பிரஷை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். தட்டையான மரக்கட்டையில் 320 எண் நீர்த்தாளை (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) சுற்றி, மண்ணெண்ணெய் தொட்டு, தகட்டின் நீளவாக்கில் தேயுங்கள். கட்டை இல்லாமல் விரலால் தேய்த்தால் முத்திரையின் பள்ளத்துக்குள்ளும் தாள் இறங்கும். கட்டை வைத்தால் மேல்பரப்பு மட்டும் வெளுத்து, எழுத்து கறுப்பாக நிற்கும்.

குரோம் பூசிய சாக்கெட் செட்டில் அங்கங்கே துரு.

அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். அலுமினியம் குரோமைவிட மென்மை, கீறாது. பூச்சு உரிந்து செதில் நிற்கிறது என்றால் அந்தச் செதில் கையைக் கிழிக்கும், வாங்காதீர்கள்.

தேய்ந்த அரத்தை வினிகரில் போட்டால் கூராகும் என்பது உண்மையா?

பாதி உண்மை. மழுங்கிய பல்லை அமிலம் கொஞ்சம் அரித்துக் கூராக்கும், இன்னும் சில காலம் ஓடும். பல்லே உடைந்த அரத்துக்கு உயிர் வராது. முதலில் பல் இடுக்கில் அடைந்திருக்கும் உலோகத்தூளைப் பித்தளை பிரஷால் எடுத்துவிடுங்கள்.

சுத்தியலின் பிடி ஆடுகிறது. தண்ணீரில் ஊறப்போட்டால் இறுகிவிடும் என்கிறார்களே?

அன்றைக்கு இறுகும். மரம் உப்பும்போது இரும்புத் துளைக்குள் நசுங்கும், காய்ந்ததும் முன்னைவிட அதிகமாக ஆடும். பழைய ஆப்பை எடுத்துவிட்டுப் புதிய மர ஆப்பை அடியுங்கள், அல்லது புதுப் பிடி போடுங்கள். தலையைப் பிடியில் ஏற்றும்போது தலையின் மேல் அடிக்காமல், சுத்தியலைத் தலைகீழாகத் தொங்கவிட்டுப் பிடியின் அடிமுனையில் தட்டுங்கள். தலை தானாக ஏறும்.

இன்னொன்று. இரும்பு வெட்டும் உளியின் அடிவாங்கும் முனை காளான் குடை மாதிரி விரிந்திருந்தால், அதைச் சாணை பிடித்து நீக்காமல் ஒரு அடி கூட அடிக்காதீர்கள். அந்த ஓரம் சில்லாகத் தெறித்துக் கண்ணுக்குள் போகும்.

மரப்பிடிக்கு எந்த எண்ணெய்? இரும்புக்கு எது? தேங்காய் எண்ணெய் போடலாமா?

இரும்புக்குத் தாவர எண்ணெய்கள் பெரும்பாலும் நாள்பட்டால் பிசுபிசுக்கும், தூசியும் ஒட்டும். தையல் மெஷின் எண்ணெய் மெல்லியதாக ஒரு கை போதும். இழைப்புளி அடிக்கும் ரம்பத் தகட்டுக்கும் மெழுகு தடவுங்கள், வழுக்கிக்கொண்டு ஓடும், மரத்தில் கறையும் வராது.

பிடிக்கு ஆளி விதை எண்ணெய் அருமையானது, ஆனால் துடைத்த துணியில் கவனம் வேண்டும். அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகும்போது சூடு வெளிவிடும். துணியைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டால் உள்ளே சூடு சேர்ந்து தானாகவே தீப்பிடிக்கும். வெளியே தனியாக விரித்துக் காயப்போட்டு, விறைத்த பிறகு போடுங்கள். அல்லது தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் முக்கி மூடிவையுங்கள். கருவிகளைப் பெயிண்ட் அடித்த பெட்டியில் வைத்தாலும் சரி, அலமாரியில் வைத்தாலும் சரி, சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டுவிடுங்கள். வியர்த்த கையோடு எடுத்ததை அப்படியே உள்ளே வைக்க வேண்டாம். விரல் ரேகை துருவாகப் பதிந்திருப்பதை அடுத்த முறை திறக்கும்போது பார்ப்பீர்கள்.

பழைய வைஸில் (சாமானை இறுக்கிப் பிடிக்கும் இடுக்கி) பச்சைப் பெயிண்ட் உரிந்துகொண்டிருக்கிறது. சுரண்டிவிட்டு வேறு அடிக்கலாமா?

அடிக்கலாம். ஆனால் பழைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. உலர்ந்தபடி தேய்க்காமல், ஈரம் போட்டு, முகமூடி அணிந்து, வீட்டுக்கு வெளியே செய்யுங்கள். குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். சுரண்டிய தூளை ஈரத்துணியால் வழித்தெடுத்து மூடிக் கட்டிவிடுங்கள். பெருக்கினால் காற்றில்தான் பறக்கும். பிடிக்கும் தாடைகளிலும் திருகிலும் பெயிண்ட் படாமல் காகித டேப்பை ஒட்டிவிட்டு அடியுங்கள். திருகுக்குக் கிரீஸ் தனியாக.