டர்பனில் முதல் கயாக்: எந்தத் தண்ணீர் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

தம்பி, நாகப்பட்டினத்திலிருந்து டர்பனுக்கு வேலைக்கு வந்திருக்கிறீர்கள். லீவு நாளில் மீன்பிடிக்கவும், முடிந்தால் வாத்து வேட்டைக்கும் ஒரு கயாக் (துடுப்புப் போட்டு ஓட்டும் சிறு படகு) வேண்டும், எதை வாங்குவது, புதிதா பழையதா என்று கேட்டிருந்தீர்கள்.

வேட்டையை முதலில் முடித்துவிடுகிறேன். 2000ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி இங்கே துப்பாக்கி உரிமம் குடிமக்களுக்கும் நிரந்தரமாகத் தங்க அனுமதி பெற்றவர்களுக்கும்தான். வேலை விசாவில் இருக்கிறவரை உங்களுக்கு அந்த வழி இல்லை. அந்த நிரந்தர அனுமதி (பி.ஆர்.) வந்த பிறகும் துப்பாக்கிக்கான தகுதிச் சான்றிதழ் எடுக்க வேண்டும், மாகாண வேட்டை விதிகளை வனவிலங்குத் துறையான எஸெம்வெலோவில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வேட்டையை மனதில் வைத்து இப்போதே படகு வாங்காதீர்கள். மீனுக்கு மட்டும் பாருங்கள்.

மீனுக்கு என்றாலும் கடைக்குப் போகும் முன் ஒன்றை முடிவு செய்யுங்கள்: எந்தத் தண்ணீரில் இறங்கப் போகிறீர்கள்? இனாண்டா, ஆல்பர்ட் ஃபால்ஸ், மிட்மார் மாதிரி அணைகளில் பாஸ் மீன் பிடிக்க என்றால் மூன்று, மூன்றரை மீட்டர் நீளத்தில் அகலமான பிளாஸ்டிக் கயாக் போதும். அசையாமல் நிற்கும், தூண்டில் வீசச் சௌகரியம். அதையே கடலுக்குக் கொண்டுபோனால் காற்றை எதிர்த்துத் துடுப்புப் போட்டுத் தோள் விட்டுப்போகும்.

கடலுக்கு இந்த ஊர்க்காரர்கள் வைத்திருப்பது ஃபிஷிங் ஸ்கீ. ஃபைபர் கிளாஸ், நீளம், ஒடுக்கம், நடுவே மீன் போட மூடியுள்ள அறை. டர்பனின் வெட்சஸ் கடற்கரையில் காலையில் நின்றால் அதில் போய் வஞ்சிரம் கொண்டுவருகிறவர்களைப் பார்க்கலாம் (இங்கே கூட்டா என்பார்கள்). பார்த்ததும் ஆசை வரும். முதல் படகாக அதை வாங்காதீர்கள். துடுப்புப் பழகாதவர் உட்கார்ந்தால் அது உருண்டுவிடும், ஃபைபருக்கு அடிபட்டால் சரிசெய்யவும் செலவு.

என்னைக் கேட்டால், நான்கு மீட்டர் சுமாருக்கு, மேலே உட்காரும் வகைப் பிளாஸ்டிக் கயாக், அதுவும் பழையது. அணைக்கும் ஆகும், காற்றில்லாத காலையில் வெட்சஸுக்கும் ஆகும். கை பழகியதும் பெரிய நஷ்டமில்லாமல் விற்றுவிட்டு ஸ்கீக்கு மாறலாம். உள்ளே கால் நீட்டி உட்காரும் வகை கடலுக்கு வேண்டவே வேண்டாம். ஓர் அலை உள்ளே விழுந்தால் அதோடு சரி. மேலே உட்காரும் வகை நம் ஊர்க் கட்டுமரம் மாதிரி: கவிழ்ந்தால் திருப்பிப் போட்டு ஏறிக்கொள்ளலாம், விழுந்த தண்ணீர் ஓட்டை வழியே தானே வடிந்துவிடும். மிதி பெடல் வைத்ததும் உண்டு. கை இரண்டும் தூண்டிலுக்குக் கிடைக்கும், உண்மைதான். ஆனால் விலை அதிகம், அலை உடைகிற ஆழமில்லாத இடத்தில் அடியிலுள்ள துடுப்பு மணலில் இடிக்கும்.

பழையதைப் பார்க்கும்போது கவிழ்த்துப் போடச் சொல்லுங்கள். பின்பக்க அடியைக் கையால் தடவுங்கள்; மணலில் இழுத்து இழுத்து அங்கேதான் தேய்ந்து மெலிந்திருக்கும். அடுத்தது அந்த வடிகால் ஓட்டைகள். தள்ளுவண்டிக் கம்பியைச் செருகிச் செருகி அவற்றைச் சுற்றி மயிரிழை விரிசல் விழும், விரலை உள்ளே விட்டுப் பாருங்கள். வெயிலில் கிடந்ததென்றால் நிறம் வெளுத்து அடிப்பாகம் குழிந்திருக்கும். பார்த்து முடித்ததும் தண்ணீரில் போட்டு அரை மணி நேரம் ஓட்டிவிட்டு மூடியைத் திறங்கள். உள்ளே தண்ணீர் குலுங்கினால் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் பணம் கொடுக்காதீர்கள். எடை தாங்கும் அளவும் கேளுங்கள். உங்கள் எடையும் சாமானும் சேர்ந்து அதில் மூன்றில் இரண்டு பங்குக்குள் இருப்பது நல்லது. முப்பது கிலோ படகைத் தனியாகக் கார் மேலே ஏற்ற முடிகிறதா என்று அங்கேயே தூக்கிப் பார்த்துவிடுங்கள்.

கடல் பார்த்து வளர்ந்தவர் நீங்கள், தெரியும். ஆனாலும் இந்தக் கரை வேறு. அலை கரையிலேயே செங்குத்தாக விழும். முதல் தடவை தூண்டில் எதுவும் எடுக்காமல், பழகிய ஒருவரோடு போங்கள். கரையில் நின்று அலைகள் கூட்டமாக வந்து ஓயும் வரை பாருங்கள். ஓய்ந்த இடைவெளியில் படகின் மூக்கை அலைக்கு நேரே வைத்து நிறுத்தாமல் துடுப்புப் போடுங்கள். படகு பக்கவாட்டில் திரும்பினால் கவிழ்த்துவிடும். அலை கடந்த பிறகு வேண்டுமென்றே கவிழ்ந்து, படகைத் திருப்பி, குறுக்கே வயிற்றைப் போட்டுக் காலை உதைத்து ஏறிப் பழகுங்கள். களைத்த பிறகும் ஏற முடிகிறது என்றால்தான் தூண்டிலை எடுக்கலாம்.

காற்றையும் கவனியுங்கள். வடகிழக்குக் காற்று பெரும்பாலும் மதியத்துக்கு மேல் வலுக்கும், தென்மேற்கு சொல்லாமல் திரும்பும். விடியலில் இறங்கி வெயில் ஏறும் முன் கரைக்கு வந்துவிடுங்கள். லைஃப் ஜாக்கெட், விசில், துடுப்பைப் படகோடு கட்டும் கயிறு இல்லாமல் போகவே கூடாது. கடல் மீட்பு நிறுவனமான என்.எஸ்.ஆர்.ஐ.யின் சேஃப்டிரெக்ஸ் செயலி இலவசம். போனில் போட்டு, போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் பதிந்துவிட்டுப் போங்கள். வீட்டில் காத்திருப்பவர்களுக்கு அது பெரிய நிம்மதி. அப்புறம், செயின்ட் லூசியாவிலும் ஜோஸினி அணையிலும் நீர்யானையும் முதலையும் உண்டு. யார் கூப்பிட்டாலும் அங்கே கயாக்கோடு இறங்காதீர்கள்.

கடலில் தூண்டில் போட அனுமதிச் சீட்டு வேண்டும், தபால் அலுவலகத்தில் எடுக்கலாம். அந்தச் சீட்டில் பிடித்த மீனை விற்கக் கூடாது. ஷாட் மீன் ஒரு நாளைக்கு நான்குதான், 30 செ.மீ.க்குக் குறைந்ததை விட்டுவிட வேண்டும், அக்டோபர், நவம்பரில் பிடிக்கவே கூடாது. உங்கள் எடை, கார் எது, ஃபிளாட்டில் படகு வைக்க இடம் தருவார்களா என்பதை எழுதுங்கள். எந்த நீளம் சரிவரும் என்று சேர்ந்து பார்க்கலாம்.