சிலிக்கோன் ரப்பரின் மீது தங்கப் படலம் விரிசல் விடுவது குறித்து

வணக்கம். சிலிக்கோன் ரப்பரில் படியவைத்த 50 நானோமீட்டர் தங்கப் படலம் சற்றே இழுத்தவுடன் விரிசல் விட்டு மின்தடை எகிறுகிறது என்றும், தடிமனைக் கூட்டலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தடிமன் உதவாது என்பதே என் கருத்து. ரப்பரை ஆக்சிஜன் பிளாஸ்மாவில் (மின்னூட்டம் பெற்ற ஆக்சிஜன் வாயுவில்) நெடுநேரம் வைப்பதாக எழுதியுள்ளீர்கள். அதுவே காரணமாக இருக்கலாம், ஏனெனில் அளவு மிஞ்சினால் ரப்பரின் மேற்பரப்பு கண்ணாடி போன்ற சிலிக்கா அடுக்காக இறுகி, இழுக்கும்போது தான் பிளப்பதோடு மேலுள்ள தங்கத்தையும் பிளந்துவிடும். முதலில் அந்த நேரத்தைச் சில நொடிகளாகக் குறையுங்கள்.

பிறகும் விரிசல் விட்டால், ரப்பரை இழுத்துப் பிடித்த நிலையில் தங்கத்தைப் படியவைத்துத் தளர்த்துங்கள். படலம் அலையலையாக மடியும், மீண்டும் இழுக்கையில் அந்த மடிப்புகள் விரிந்துகொடுக்கும். அமெரிக்கப் பொருளறிவியலாளர் ஜான் ரோஜர்ஸ் குழுவினர் 2006-இல் எளிதில் நொறுங்கும் சிலிக்கானையே இவ்வாறு நீளச் செய்தார்கள்.

இழுப்பை அளக்கும் உணரிதான் உங்கள் நோக்கம் என்றால், விரிசலைத் தடுக்கவே வேண்டாம். சிலந்திக் காலில் அதிர்வை உணரும் நுண்பிளவு உறுப்பைப் பின்பற்றித் தென்கொரிய ஆய்வாளர்கள் 2014-இல் 20 நானோமீட்டர் பிளாட்டினப் படலத்தில் வேண்டுமென்றே விரிசல் உண்டாக்கினார்கள். சாதாரண உலோக இழுப்பளவிகளில் ஏறத்தாழ 2 ஆக இருக்கும் உணர்திறன் (இழுப்பு விகிதத்தைப்போல் மின்தடை மாற்ற விகிதம் எத்தனை மடங்கு என்ற எண்), அங்கே 2000-ஐத் தாண்டியது. எத்தனை அருமையான வேலை! ஆனால் அது 2 விழுக்காடு வரையிலான இழுப்புக்கே பொருந்தும் என்பதை மனத்தில் கொள்ளுங்கள்.